எடுக்காமல் விட்ட கடைசி நாள்

வளர்ந்து வரும் ஆவணப்பட இயக்குநருக்கான விருதை ஐந்தாவது முறையாக வாங்க மேடையேறியபோது அவளுக்கு முட்டி வலித்தது. படிகள் அதிகம். வளர்ந்து வருகிறவர்கள் துள்ளி ஏறிவிடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, கைப்பிடியும் வைக்கவில்லை. காதோரம் நரைத்தாயிற்று, வாசிக்கக் கண்ணாடி வந்தாயிற்று, வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் வளர்ந்துகொண்டேதான் இருந்தாள்.

வளர்ந்து முடித்தவர்களுக்கு என்று ஒரு பிரிவு இல்லாமல் இல்லை. முதல் வருஷம் அவளோடு சேர்ந்து விருது வாங்கிய பையன் ஒருவன் அந்தப் பிரிவுக்குப் போய், அங்கேயும் சலித்து, நடுவராகிவிட்டான். இன்றைக்கு அவளுக்கு விருதை எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். கைகுலுக்கும்போது காதருகில் குனிந்து, "நம்பிக்கை தரும் தொடக்கம்," என்றான்.

அவள் படங்களை எல்லாம் வெட்டி ஒட்டித் தரும் எடிட்டர்தான் அவளுக்குப் பிஞ்சு என்று பெயர் வைத்தது. "உன்னைப் பழுக்கவும் விட மாட்டாங்க, உதிரவும் விட மாட்டாங்க," என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை. மறுக்கிறதுக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சலவைக் கூடம். அதற்கும் பின்னால், ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்தாற்போல வரிசை வீடுகள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தலைமுறையாகத் துவைத்துவரும் சனங்கள் அங்கேதான் இருந்தார்கள். ஊரில் வேறெங்கும் அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைக்காது. "வீடு காலியாத்தான் இருக்கு, ஆனா எங்க சொந்தக்காரங்க வர்றாங்க," என்பார்கள். அந்தச் சொந்தக்காரர்கள் இன்னும் வந்த பாடில்லை. அந்தப் பேட்டையிலிருந்து கேமராவைத் தொட்ட முதல் ஆள் பிஞ்சு. இதைச் சொல்லாமல் அவளை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. சொல்லி முடித்தபின் படத்தைப் பற்றிச் சொல்ல நேரம் இருந்ததுமில்லை.

ஐந்து விருதுக்கும் சேர்த்து மூன்றே படம்தான் எடுத்திருந்தாள். மூன்றிலும் அவள் அம்மாதான். அம்மாவுக்குச் சலவைக் கூடத்தில் நீராவி இஸ்திரி இயந்திரத்தில் வேலை. விரிப்புக்குள் சுருண்டு வரும் கத்தரிக்கோல், பல்செட்டு, ஒருமுறை உயிரோடு ஒரு செல்போன் என்று எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குள் விட வேண்டும். முதல் படம் அம்மாவின் கைகளைப் பற்றி. இரண்டாவது அம்மாவின் மௌனத்தைப் பற்றி. மூன்றாவது அம்மாவின் ஜன்னலைப் பற்றி. வீட்டில் ஜன்னல் கிடையாது. அந்தத் தலைப்பு நிதி கொடுத்தவர்களின் விருப்பம்.

இத்தனை வருஷத்தில் அம்மா தொழிலில் தேர்ந்துவிட்டாள். கதவைத் திறந்து மறுபடி வரச் சொன்னால், முதலில் எடுத்து வைத்த அதே காலை எடுத்து வைத்து வருவாள். கேள்வி காதில் விழுந்ததும் ஒரு மூச்சு சும்மா இருந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். வெட்டுவதற்கு எடிட்டருக்கு இடம் வேண்டுமல்லவா. கேட்கிறவள் குரல் படத்தில் வராது என்பதால் பதிலுக்குள்ளேயே கேள்வியையும் சேர்த்துக்கொள்வாள். அது பழகிப்போய், பக்கத்து வீட்டு அத்தை "சாப்டியா?" என்று கேட்டால்கூட கொஞ்சம் இடைவெளி விட்டு, தூரத்தில் பார்த்து, "நான் சாப்பிட்டேனான்னா, காலையிலேயே சாப்பிட்டேன்," என்பாள்.

"உங்கம்மாவ யார்கிட்டயாவது காட்டுடி," என்று அத்தை பிஞ்சுவிடம் சொன்னாள்.

"உலகத்துக்கே காட்டியாச்சு அத்தை," என்றாள் பிஞ்சு.

மூன்றாவது படம் முடிந்த அன்று மைக்கைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "இதோட போதும்டி. என் மூஞ்சி எனக்கே சலிச்சுப் போச்சு." பிஞ்சு தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மனசார.

வேறு படமும் அவள் மனதில் இருந்தது. தீயணைப்புக் கருவியைப் பிடிப்பது எப்படி என்று ஊழியர்களுக்குக் காட்டும் வீடியோக்கள் எடுத்துத்தான் அவள் வயிற்றைக் கழுவினாள். அப்படி ஒரு வீடியோவுக்காக வானிலை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஓர் அதிகாரி, வறண்ட வானிலை நிலவும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் தொப்பலாக நனைந்து, மறுநாள் ஒன்றுமே நடக்காத முகத்தோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த மூன்று பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று குடை வைத்திருந்தார்கள். அவரிடமிருந்து ஒளித்து. கேமராவுக்குப் பின்னால் நின்று பிஞ்சு சிரித்தாள். படம் எடுக்கும்போது தனக்குச் சிரிப்பு வரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முழுநீளப் படத்துக்கான நிதிக்கு அந்த மழைக் கதையைத்தான் அனுப்பியிருந்தாள். அந்த நிதியின் பெயரில் 'வளர்ந்து வரும்' என்ற சொல் கிடையாது. அது கிடைத்தால் அவள் பிஞ்சு இல்லை.

விருது விழா முடிந்த வாரமே நிதி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தாள். குரலில் தேன் வழிந்தது. வழிந்தாலே பிஞ்சு உஷாராகிவிடுவாள்.

"மேடம், மழை எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"கேமராவுக்குப் பின்னாடி."

"அது இல்ல மேடம். உங்க வலி எங்க இருக்கு?"

"முட்டியில."

ஒருங்கிணைப்பாளர் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்கிறாளோ என்று பிஞ்சுவுக்குச் சந்தேகம் வந்தது.

"தேர்வுக் குழுத் தலைவி ஒரு யோசனை சொன்னாங்க. உங்க அம்மா சீக்கிரம் ரிடையர் ஆகுறாங்கல்ல? அந்தக் கடைசி நாள். அதை முழுநீளமா எடுங்க. மறுபேச்சே இருக்காது. வியாழக்கிழமை கூட்டத்துக்கு ஒரு சின்ன வீடியோத் துண்டு மட்டும் கொண்டு வாங்க, போதும்."

டயர் கடைக்கு மேலே இருந்த எடிட்டிங் அறையில் எடிட்டரிடம் புலம்பினாள். கீழே யாரோ சுத்தியலால் இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பேசாம ஒத்துக்கோ," என்றான் எடிட்டர். "கடைசி நாளை எடு. பெரிய ஆளாயிடு. அப்புறம் மழை, வெயில், இடி, மின்னல்னு என்ன வேணா எடுத்துக்கோ."

"சத்தியம் பண்ணியிருக்கேன்யா."

"சத்தியத்தக் காப்பாத்திட்டு ஆவணப்படம் எடுத்தவங்க ஒருத்தர் பேர் சொல்லு, பாப்போம்."

அவளுக்குத் தெரிந்த எல்லோரையும் நினைத்துப் பார்த்தாள். ஒருவரும் தேறவில்லை.

ஆக, எழுத உட்கார்ந்தாள். வீட்டில் ஒரே அறை, ஒரே மேசை. 'அன்று அம்மா நீராவிக் குழாயைக் கடைசி முறையாக மூடுவாள்' என்று ஆரம்பித்து, அம்மாவின் பிரிவுத் துயரைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தாள். அம்மா வீடு கூட்டும்போது காலை மட்டும் தூக்கிக்கொண்டாள். அம்மா காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பினாள், சாயங்காலம் டிபன் பாக்ஸோடு திரும்பினாள். பிஞ்சு "ம்" என்றாள். அம்மாவைப் பற்றி எழுதும்போது நடுவில் அம்மா வந்தால் கோர்வை போய்விடுகிறது.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கேமராவை அடுப்பு மூலையில் நிறுத்தினாள்.

"அம்மா, கோச்சுக்காத. ஒரே ஒரு படம். இதான் கடைசி."

அம்மா அவளைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தானே இழுத்து, வாசல் வெளிச்சம் பாதி முகத்தில் விழுகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். மைக்கையும் தானே குத்திக்கொண்டாள். பிஞ்சு ஹெட்ஃபோனை மாட்டினாள்.

"கடைசி நாள் வேலை எப்படி இருக்கும்னு நினைக்கிற?"

அம்மா இடைவெளி விட்டாள். "கடைசி நாள் எப்படி இருக்கும்னா, அது முடிஞ்சு—"

குக்கர் விசிலடித்தது.

"அம்மா, குக்கர் சத்தம் விழுந்துடுச்சு. இன்னொரு தடவை சொல்லிடு."

அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். வந்து அதே சாய்வில் உட்கார்ந்தாள்.

"கடைசி நாள் எப்படி இருக்கும்னா, அது முடிஞ்சுபோச்சு. கூடத்தை வெளியாளுங்களுக்குக் குத்தகைக்கு விட்டுட்டாங்க. வயசானவங்க இனிமே வர வேணாம்னு மேஸ்திரி வாசல்லயே சொல்லிட்டான். உள்ள என் வேலைச் செருப்பு இருக்குன்னேன். அவனே எடுத்துட்டு வந்து குடுத்தான். அதுலேருந்து நான் தினமும் டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் போயி, ஆஸ்பத்திரியில வெளிநோயாளிங்க கூடத்துல ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டு வரேன்."

'செருப்பு' என்ற இடத்தில் கண்ணில் நீர் கட்டியது. 'ஃபேன்' என்ற இடத்தில் வழிந்தது. போகஸ் கொஞ்சமும் பிசகவில்லை. வாசல் வெளிச்சம் அந்தச் சொட்டின் மேல் வந்து சரியாக உட்கார்ந்தது.

"முடிஞ்சுபோச்சா?" என்றாள் பிஞ்சு. "எப்ப? நான் எடுக்கலையே!"

அம்மா மைக்கைக் கழற்றினாள். "நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சும்மா."

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதற்கப்புறம்தான் அம்மா சொன்னது அவளுக்குக் கேட்டது. குக்கர் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், சிக்கல் விழாமல், எட்டு எட்டாக. அப்படிச் சுருட்டப் பிஞ்சுதான் பழக்கியிருந்தாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ என்னைப் பத்தி எழுதிட்டு இருந்தே. எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

அன்று ராத்திரியே ஒருங்கிணைப்பாளரிடம் போனில் விஷயத்தைச் சொன்னாள். "அய்யய்யோ மேடம், கேக்கவே கஷ்டமா இருக்கு," என்றாள் அவள். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு, "ஆனா இது இன்னும் நல்லா இருக்கு. கடைசி நாளை மறுபடி நடிக்க வெச்சு எடுத்துடலாம். இப்ப எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க. அந்தச் செருப்பு இன்னும் இருக்குல்ல?"

எடிட்டர் துண்டை ஓட்டிப் பார்த்தான். மறுபடி ஒருமுறை ஓட்டினான். "முதல் டேக்கையும் வெச்சுக்கலாம். அந்த விசில்தான் படமே," என்றான்.

"எங்கம்மாவுக்கு வேலை போயிருக்குய்யா."

"அதுவும்தான்." கண்ணைக் கசக்கிக்கொண்டான். "என்னை ஏன் முறைக்கிற? நான் வெட்டுறவன்."

வியாழக்கிழமை அம்மாவும் கூடவே கிளம்பினாள். போக வேறு இடம் இல்லை. "அங்க ஏசி இருக்குமில்ல?" என்று மட்டும் கேட்டாள். அவளைத் தாழ்வாரத்தில் ஒரு சோபாவில் உட்கார வைத்துவிட்டு, பையில் வீடியோத் துண்டோடு பிஞ்சு உள்ளே போனாள்.

நீள மேசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைவி முகத்தில் துக்கத்தைத் தயாராக வைத்திருந்தாள். பக்கத்தில் நடுவராகிவிட்ட அந்தப் பழைய பையன், கன்னத்தில் கைவைத்து.

"துண்டு கொண்டு வந்தீங்களாம்மா?" என்றாள் தலைவி, ஆஸ்பத்திரியில் விசாரிக்கிற குரலில்.

பை மடியில் கனத்தது. பையைத் திறந்தால் போதும். இந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் அழுதுவிடுவார்கள், அடுத்த வருஷம் அவளும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரலாம், கைப்பிடி இல்லாத படிகளை இனி ஏறவே வேண்டாம். அம்மாவும் எடுத்துக்கோ என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் அம்மா எதற்குத்தான் மாட்டேன் என்றிருக்கிறாள்?

"இல்ல," என்றாள். "மழைப் படத்தைப் பத்திப் பேசலாமா?"

மேசை முழுக்கக் காற்று இறங்கியது. பழைய பையன்தான் பொறுமையாக ஆரம்பித்தான். "நீங்க மழையை எடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலைங்க. ஆனா மழையை யார் வேணும்னாலும் எடுக்கலாம். உங்க அம்மாவை உங்களால மட்டும்தானே எடுக்க முடியும்?"

நியாயமான பேச்சு. அவனிடம் அதுதான் தொல்லை. எல்லாமே நியாயமாக இருக்கும்.

"அம்மா இனிமே வர மாட்டாங்க," என்றாள் பிஞ்சு.

கதவைத் திறந்துகொண்டு அம்மா உள்ளே வந்தாள்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். மூன்று படம் பார்த்தவர்கள் ஆயிற்றே. தலைவி மேசையைச் சுற்றி ஓடி வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இந்தக் கைகள்!" என்றாள். கைகளைத் திருப்பித் தரும்வரை அம்மா காத்திருந்தாள்.

"எனக்கு வேலை போயிடுச்சுங்க," என்றாள். "நீங்கல்லாம் பெரிய ஆளுங்க, என்னை நல்லாத் தெரிஞ்சவங்க. உங்க ஆபீஸ்ல எதாவது வேலை இருக்குமா? இல்ல, தெரிஞ்ச இடத்துல? துணி வேலைதான்னு இல்ல, எதுன்னாலும் செய்வேன்."

மூச்சுவிடும் இடைவெளி இல்லை, தூரத்துப் பார்வை இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பேருந்து எப்போ வரும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

ஒருவர், ஏற்கெனவே திறந்திருந்த பாட்டிலைத் திறந்தார். பழைய பையன் கன்னத்திலிருந்து கையை எடுத்தான். வைக்க வேறு இடம் தெரியாமல் மறுபடி கன்னத்திலேயே வைத்தான். தலைவியின் கண்கள் சிவந்துவிட்டன. தழுதழுத்த குரலில் கேட்டாள்:

"இதை யாராவது பதிவு பண்ணீங்களா?"

எல்லோரும் பிஞ்சுவைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றாள் பிஞ்சு.

தலைவி கண்ணை மூடிக்கொண்டாள், யாரோ செத்துப்போன மாதிரி. பிறகு திறந்து, "அம்மா, சிரமம் பாக்காம வெளிய போய், இன்னும் ஒரே ஒரு தடவை உள்ள வர முடியுமா? நம்ம தம்பி போன்லயே எடுத்துடுவாரு," என்றாள். பழைய பையன் போனைக் கையில் எடுத்துவிட்டிருந்தான்.

அம்மா தலையாட்டினாள். திரும்பினாள். கதவை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். பிஞ்சு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"வாம்மா, போலாம்."

இரண்டு பேரும் வெளியே போனார்கள். உள்ளே கேமரா தயாராகக் காத்திருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்திருக்க வேண்டும்.

தாழ்வாரத்தில் அம்மா கையை உதறினாள். "என்னடி இது, மறுபடி வரச் சொன்னாங்களே! பெரிய மனுசங்க."

"வேலை தர்றதுக்கு இல்லம்மா."

"பின்ன எதுக்கு?"

பிஞ்சு பதில் தேடுவதற்குள் ஒருங்கிணைப்பாளர் செருப்புச் சத்தத்தோடு ஓடி வந்தாள். மூச்சு வாங்க, "முழுநீளம் இந்தத் தடவை கஷ்டம்தான் மேடம். ஆனா வளர்ந்து வரும் பிரிவுல வயசு வரம்பை உங்களுக்காகத் தளர்த்தலாம்னு தலைவி சொல்லச் சொன்னாங்க," என்றாள். சொல்லிவிட்டு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். அம்மா இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் இருவரும் வெளிநோயாளிகள் கூடத்தை ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலகத்துக்குப் போனார்கள். அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரைப் பிஞ்சு காலை வெளிச்சத்தில், மாலை வெளிச்சத்தில், சாக்கடைத் தண்ணீரின் பிரதிபலிப்பில் என்று எல்லா விதத்திலும் எடுத்திருக்கிறாள். உள்ளே கால் வைப்பது இதுதான் முதல் முறை. வரிசையில் வெகுநேரம் நின்றபின் முன்னால் நின்றவர் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"இது ஊசி போடுற வரிசைடி," என்றாள் அம்மா.

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"ஃபேன் இங்கதான் இருக்கு."

சரியான ஜன்னலில் இருந்த குமாஸ்தா அம்மாவின் அடையாள அட்டையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நிறுத்தினதுக்கு எழுத்துல எதுவும் குடுத்தாங்களா?"

"மேஸ்திரி வாயால சொன்னாருங்க," என்றாள் பிஞ்சு.

"வாயால சொன்னதெல்லாம் எங்களுக்கு வராது. எங்க கணக்குப்படி இவங்க வேலையிலதான் இருக்காங்க. வராம இருந்தது இவங்க தப்பு."

"அப்ப வேலைக்குப் போகலாமா?"

"தாராளமா. மேஸ்திரி உள்ள விட்டா." ஜன்னலை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த நாள் விடிந்ததும் சலவைக் கூடத்து வாசலில் அம்மா டிபன் பாக்ஸோடு நின்றாள், பக்கத்தில் பிஞ்சு. பிஞ்சுவைத் தூரத்தில் பார்த்ததுமே மேஸ்திரி சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, தலையைக் கோதி, பக்கவாட்டாகத் திரும்பி நின்றான். அவன் இரண்டு படத்தில் வந்திருக்கிறான். கிட்டே வந்ததும் அவள் கைகளைப் பார்த்தான்.

"கேமரா எங்க?"

"கொண்டு வரல."

அவன் முகம் பழையபடி ஆயிற்று. "அப்ப உனக்கு இங்க என்ன வேலை? பெருசுங்களுக்கெல்லாம் வேலை இல்லைன்னு சொல்லியாச்சு. கிளம்பு, கிளம்பு."

"யார் சொன்னது?"

"மேல."

"மேலன்னா யாரு?"

"மேலன்னா மேலதான்."

"அவங்க உங்ககிட்ட நேர்ல சொன்னாங்களா, போன்லயா?"

"அது... குத்தகைக்காரர் சொன்னாரு."

"அவர் சொன்னப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

மேஸ்திரி திகைத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. படத்தில்கூட அவனைப் பின்னணியில்தான் வைத்திருந்தாள். "எப்படி இருக்கும்? கஷ்டமாத்தான் இருந்துச்சு. எங்க மாமியாரும் அந்தக் கூட்டத்துல ஒருத்தங்கதானே," என்று ஆரம்பித்தான்.

அழுக்கு விரிப்பு ஏற்றிய வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அதற்காகக் கதவு திறந்தது. வண்டியின் மறுபக்கத்தை ஒட்டி அம்மா டிபன் பாக்ஸோடு உள்ளே நடந்து போனாள். மேஸ்திரி மாமியாரைப் பற்றிச் சொல்லி முடித்தபோது நீராவி இயந்திரம் சீறிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு பிஞ்சுவைப் பார்த்தான். கூப்பிட்டு வெளியே அனுப்பலாம்தான். வண்டியில் விரிப்பு குவிந்து கிடந்தது, புது ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை, வெயில் இப்போதே சுட்டது.

"உங்கம்மா நாளைக்கும் வருவாங்களா?"

"வருவாங்க. நானும் வருவேன்."

"தினமுமா?" என்றான் மேஸ்திரி, அலுத்துப்போய்.

"எனக்கு இப்ப வேற வேலை இல்லண்ணே," என்று சொல்லிவிட்டு, பிஞ்சு வாசல் கல்லில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.